மரூலாம்மா பட்டை போட்டாரா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, குன்னூரில் என் வீட்டுச் சமையலறையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது.

வாதி, சைப்ரஸிலிருந்து வந்த அண்ணன். பிரதிவாதி, லண்டனிலிருந்து வந்த தங்கை. விவகாரம் இதுதான்: காலமாகிவிட்ட அவர்களுடைய அம்மா, திராட்சை இலைக்குள் கறி வைத்துச் சுருட்டிச் செய்யும் பலகாரத்தில் பட்டை போட்டாரா, போடவில்லையா?

பட்டை என்றால் நீங்கள் நினைக்கிற அதே பட்டைதான். பிரியாணியில் கிராம்புக்கும் ஏலக்காய்க்கும் பக்கத்தில் கிடக்குமே... அது.

சிரிக்காதீர்கள். அண்ணனும் தங்கையும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதே இந்தப் பட்டையால்தான். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் கடல் தாண்டி, மலை ஏறி, நம் ஊருக்கு வந்திருந்தார்கள். ஏனென்றால் உலகத்திலேயே ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சி என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். பெயர் மரகதம்.

மரகதம் எனக்கு எப்படிப் பழக்கம்? அதற்கும் திராட்சைதான் காரணம்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக் கொல்லைப்புறத் திராட்சைக் கொடியைத் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு பழம்கூடக் கொடுக்காத மகராசி. நீங்களும் மீன் கழுவிய தண்ணீர் ஊற்று, சாம்பல் போடு, வேரைக் கிளறு என்று எத்தனையோ யோசனை எழுதி அனுப்பினீர்கள். எல்லாம் செய்தேன். கொடி இலையாக விட்டுத் தள்ளியதே தவிர, காய்க்கிற எண்ணம் அதற்கு வரவே இல்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கதவைத் தட்டினார் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், கையில் ஒரு துணிப்பை.

"அக்கா, உங்க கொடியில கொஞ்சம் எல பறிச்சுக்கட்டுங்களா?"

"எலயா? அதுல பழமே இல்லீங்களே!"

"பழம் எனக்கு வேணாங்க. எலதான் வேணும்."

பதினோரு வருடத்தில் என் கொடியை மதித்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

மரகதத்தின் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். இவர் பிறந்தது நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். கல்யாணமாகிக் குன்னூர் வந்தார். கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, கைக்குழந்தையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கென்று சைப்ரஸ் போனார். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. அங்கே பேசுவது கிரேக்கம். லார்னகா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மரூலா என்று ஒரு வயதான அம்மாள். அவரோடு ஒன்பது வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாள் இறந்த பிறகுதான் மரகதம் ஊர் திரும்பினார். இப்போது வெலிங்டன் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை.

அன்று சாயங்காலமே பறித்த இலைகள் ஒரு டிபன் பாக்ஸில் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் அளவுக்குச் சுருட்டி, உள்ளே கொத்துக்கறியும் அரிசியும் தக்காளியும் புதினாவும் வைத்து, எலுமிச்சைச் சாற்றில் வேகவைத்தது. பெயர் குப்பேப்பியா. என் கணவர் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். பிறகு ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்துச் சொன்னார்.

"பதினோரு வருசமா உன்னத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவர் மின்வாரியத்தில் இருபது வருடம் அவலாஞ்சியில் வேலை பார்த்தவர். மனிதர்களைவிடக் கம்பங்களோடும் ஒயர்களோடும் அதிகம் பேசியவர். கொடியிடம் பேசுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை.

அதிலிருந்து மாதம் ஒரு தரமாவது மரகதம் வருவார். கோழிச் சூப்பில் முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றுவார். முட்டை திரிந்துவிடாமல் சூடான சூப்பைக் கரண்டி கரண்டியாக அதில் விடும்போது மட்டும் அவருடன் பேசக்கூடாது. பேசினால் கிரேக்கத்தில் திட்டு விழும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மரகதத்துக்குக் கிரேக்கம் நன்றாக வரும். ஆனால் அவர் அதைக் கற்றுக்கொண்டது ஒரே ஒருவரிடம். எண்பது வயது மூதாட்டியிடம். அந்த அம்மாள் பேசியதில் பாதி அதட்டல், மீதி திட்டு. ஆகவே மரகதத்தின் கிரேக்கத்தில் 'தயவுசெய்து' கிடையாது. 'நன்றி' கிடையாது. 'உட்கார்', 'தின்னு', 'கையைக் கழுவு', 'கழுதை'... இவை தாராளமாக உண்டு.

சரி, வழக்குக்கு வருவோம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் மரகதம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, மரூலாம்மா மகனும் மகளும் வர்றாங்களாம். குன்னூருக்கு. என்னையப் பாக்க."

"நல்ல விசயந்தானே?"

"நல்ல விசயம் இல்லீங்க. சண்டையோட வர்றாங்க."

நடந்தது இதுதான். மரூலா அம்மாளின் முதல் வருட நினைவு நாளில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் விருந்து. அம்மா மாதிரியே செய்கிறேன் என்று மகன் ஆண்ட்ரியாஸ் ஒரு பெரிய பானை நிறையக் குப்பேப்பியா செய்து பட்டைப்பொடி போட்டார். மகள் எலெனி லண்டனிலிருந்து வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, "அம்மா ஒருநாளும் பட்டை போட்டதில்லை. அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது" என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கையால் சாப்பிட்டவன் நான். வருடத்துக்கு ஒரு தரம் வந்துபோகிறவள் நீ" என்றார் அண்ணன். பேச்சு முற்றியது. எலெனி பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருப் பூனைகளுக்குக் கொட்டிவிட்டார்.

பூனைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டன. ஆனால் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். கடைசியில் இரண்டு பேரோடும் பேசுகிற ஒரு சித்தப்பா, "அந்த இந்தியப் பெண்ணைக் கேளுங்களேன், அவள்தானே கூடவே இருந்தாள்?" என்றிருக்கிறார். போனில் கேட்டால் போதாதா? போதாதாம். போனில் கேட்டால் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் முன்கூட்டியே பேசிவிடலாமாம். சாட்சியைக் கலைத்துவிடலாமாம்!

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல அக்கா. உங்க ஊட்டுல வெச்சுக்கலாங்களா? நீங்க இங்கிலீஷ் பேசுவீங்க. சாரும் இருப்பாரு."

"அதுக்கென்ன மரகதம்? உண்மையச் சொல்லிட்டாப் போச்சு. போட்டாங்களா, இல்லியா?"

மரகதம் டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் குறுக்கே புகுந்தார்.

"வாயில சொல்றதெல்லாம் சாட்சியில்ல. டெஸ்ட் பண்ணிரலாம். ரெண்டு பாத்திரம் செய்யட்டும். ஒண்ணுல பட்டை, ஒண்ணுல இல்ல. எதுல எதுன்னு சொல்லாமக் குடுப்போம். எது அவங்க அம்மா ருசின்னு அவங்களே சொல்லட்டும்."

மரகதத்தின் முகத்தில் உயிர் வந்தது. "அப்படியே செய்யலாங்க சார். ரெண்டும் செய்யறேன். நான் எதுவும் பேச வேண்டாம் பாருங்க!"

அந்த ஞாயிறும் வந்தது.

விடிந்ததிலிருந்து மரகதம் என் சமையலறையில் இலை சுருட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் பணி ஓய்வு விழாவுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டு பாத்திரத்திலும் 'அ', 'ஆ' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். ஒரு நோட்டும் பேனாவும் தயார். நான் கிளி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு டாக்ஸிகள் வந்து நின்றன. ஆமாம், இரண்டு. கோயமுத்தூர் வரைக்கும் ஒரே விமானத்தில், முன் வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து வந்தவர்கள், மலைக்குத் தனித்தனியாக ஏறி, தனித்தனி ஓட்டலில் தங்கியிருந்தார்கள்.

ஆண்ட்ரியாஸுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெரிய மீசை, பெரிய தோள். பாத்ரூம் சாமான்கள் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் வாஷ்பேசினில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கவலையோடு பார்த்தார். எலெனி ஒல்லி, கட்டைமுடி. பல் டாக்டர். என் கணவர் வணக்கம் சொல்லிச் சிரித்ததும் அவர் பார்வை கணவருடைய கடைவாய்ப் பல்லில் போய் நின்றது.

டீயும் வர்க்கியும் வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆண்ட்ரியாஸ் என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்.

"சர்க்கரை அந்தப் பெண்மணியின் பக்கம் இருக்கிறது. கொஞ்சம் தரச் சொல்ல முடியுமா?"

பெண்மணி ஒன்றரை அடி தள்ளித்தான் இருக்கிறார். இருவருக்கும் தாய்மொழி ஒன்று. நான் எலெனியைப் பார்த்து அதே இங்கிலீஷில், "அவர் சர்க்கரை கேட்கிறார்" என்றேன்.

"எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

"எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்."

இப்படி இருபது நிமிடம் இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தப்பில்லாமல் நான் எந்த மொழிபெயர்ப்பும் செய்ததில்லை.

அப்போது சமையலறையிலிருந்து மரகதம் வெளியே வந்தார். இருவரும் எழுந்தார்கள். கட்டிப்பிடிப்பதா, கைகுலுக்குவதா என்று தயங்கினார்கள். மரகதத்துக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதற்றத்தில் வாயில் வந்தது, ஒன்பது வருடம் தினமும் கேட்ட அதட்டல்.

"ப்ளின்னே தா ஷேர்கா சூ!"

கையைக் கழுவு என்று அர்த்தம்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு ஐம்பது வயது தாண்டிய இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வாஷ்பேசினுக்குப் போனார்கள். சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஆண்ட்ரியாஸ் கழுவிக்கொண்டே இருந்தார்... கழுவிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"அம்மாவின் குரல்" என்றார் எலெனி மெதுவாக என்னிடம். "வார்த்தை, இழுப்பு, கோபம்... எல்லாமே அம்மா."

நெல்லியாளத்தில் பிறந்த மரகதம் வாயிலிருந்து, லார்னகா கிழவியம்மாள் அதட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

சோதனை ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு தட்டு. முதலில் 'அ'.

ஆண்ட்ரியாஸ் கடித்தார். முகத்தில் மாற்றமில்லை. நன்றாக இருக்கிறது என்பது போலத் தலையாட்டினார், அவ்வளவுதான். எலெனி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

"இதுதான். இதுதான் அம்மா!"

அடுத்து 'ஆ'. எலெனி முகம் சுளித்துக் கீழே வைத்துவிட்டார். ஆண்ட்ரியாஸ் ஒன்றைச் சாப்பிட்டார். இன்னொன்று. மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார்.

"இதுதான் அம்மா. சத்தியமாக இதுதான்!"

என் கணவர் ஸ்டிக்கரைச் சரிபார்த்தார். 'அ'வில் பட்டை இல்லை. 'ஆ'வில் பட்டை.

ஆக, சோதனை ஜோராக முடிந்தது. வழக்கு மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் மரகதத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சொல். எது?"

மரகதம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களே சொல்லிருங்க. நான் தமிழ்ல சொல்றேன். இத அவங்க பாஷையில எனக்குச் சொல்ல வராது. எனக்கு அந்தப் பாஷையில திட்டத்தான் தெரியும்."

பிறகு சொல்ல ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன்.

"மொத மூணு மாசம் மரூலாம்மாதான் செஞ்சாங்க. நான் வெங்காயம் அரிஞ்சு குடுப்பேன். பட்டையெல்லாம் கெடையாது. பொறவு அவங்களுக்கு வெரல் மடங்காமப் போச்சு. எல சுருட்ட முடியல. நீ செய்யின்னாங்க. செஞ்சேன்."

எலெனி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்ட்ரியாஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தக் கறியோட கவுச்சி தாங்கல. இங்கிருந்து கொண்டுபோன மசாலாவுல பட்டை இருந்துச்சு. ஒரு சிட்டிகை பொடிச்சுப் போட்டேன். யாரையும் கேக்கல. அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. இவரு வந்தாரு. பதினாறு சாப்பிட்டாரு. 'அம்மா, இவ்வளவு ருசியா நீ எப்பவுமே செஞ்சதில்ல'ன்னாரு."

 அந்த மனிதர் மூன்று வருடமாக எந்தக் கைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறாரோ, அந்தக் கை இதோ, என் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை அவருக்குச் சொல்கிற வேலை எனக்கு. ஏன் எனக்கு? பல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் சர்க்கரை கேட்டுக்கொடுத்தவளுக்கு இதெல்லாம் தேவையா?

"இவரு போனப்புறம் மரூலாம்மா என்னையக் கூப்பிட்டாங்க. அவ்வளவுதான், ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு நான் பெட்டியக்கூட எடுத்து வெச்சுட்டேன். அவங்க திட்டவேயில்ல. 'இனிமே அவன் வர்ற அன்னிக்கெல்லாம் அதையே போடு. நீ செஞ்சன்னு மட்டும் சொல்லாத. என் கை முடங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா, அவன் என்னைய முதியோர் ஹோம்ல சேத்துருவான்'னு சொன்னாங்க."

முதல் பாதியை இங்கிலீஷில் சொன்னேன். 'சொல்லாதே' வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. நிறுத்திக்கொண்டேன். இறந்தவர் இறந்துவிட்டார். இருக்கிறவர் மனதில் எதற்கு ஒரு முள்?

"அக்கா" என்றார் மரகதம். "ஹோம விட்டுட்டீங்க."

"வேண்டாம் மரகதம்..."

"சொல்லுங்க அக்கா. அது இல்லாட்டி அவங்க எதுக்கு மறைச்சாங்கன்னே இவருக்குத் தெரியாது. மகனை ஏமாத்துனாங்கன்னு நெனச்சுக்குவாரு."

சொன்னேன்.

அதற்குப் பிறகு மரகதம் சொன்னதை நான் என் காலைப் பார்த்துக்கொண்டேதான் மொழிபெயர்த்தேன். ஞாயிறுதோறும் கார் சத்தம் கேட்டதும் மரகதம் ஓடிப்போய் மரூலா அம்மாளுக்கு ஏப்ரன் கட்டிவிடுவாராம். விரல்களில் ஊறவைத்த அரிசியும் தக்காளிச் சாறும் பூசிவிடுவாராம். ஒரு திராட்சை இலையைக் கையில் கொடுத்து நாற்காலியில் உட்காரவைப்பாராம். மகன் உள்ளே வந்து அந்தக் கைக்கு முத்தம் கொடுப்பாராம். கிட்டத்தட்ட ஒன்பது வருடம்! ஒரு ஞாயிறு தவறாமல்!

ஆண்ட்ரியாஸ் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதைக்கூட நிமிர்த்தாமல் பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

நாங்கள் யாரும் அசையவில்லை. அழுகிற மனிதருக்குக் கொஞ்ச நேரம் தனிமை கொடுக்க வேண்டும், இல்லையா?

ஆனால் கொல்லைப்புறத்தில் அவர் தனியாக இல்லை.

என் கணவர்தான் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார்.

கொடிப்பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை. ஒற்றை ஆண். தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறது. எங்களுக்கு இது புதிதில்லை. வரும், மேயும், போகும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்போம். ஆனால் சைப்ரஸில் காட்டெருமைக்கு எங்கே போவது? ஆண்ட்ரியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பத்தடி தூரத்தில் ஒரு லாரி அளவுக்குக் கறுப்பாக ஏதோ நின்று, மரகதம் பறித்தது போக மிச்சமிருந்த இலைகளைச் சாவதானமாக மென்றுகொண்டிருந்தது. அவர் சிலையாகிவிட்டார். அது மெல்வதை நிறுத்தியது. மூச்சுவிட்டது. தலையைத் தாழ்த்தியது.

"ஆண்ட்ரிக்கோ!"

எலெனியின் அலறல். சின்ன வயதில் வீட்டில் கூப்பிடும் பெயராம். இரண்டு வருடத்தில் தங்கை அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவர் நகரவில்லை. பயத்தில் கால் ஒட்டிக்கொண்டது. எலெனி வெளியே ஓடப் போனார். என் கணவர் கோட்டோடு குறுக்கே நின்று தடுத்தார். அப்போதுதான் மரகதம் எங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு வாசற்படிக்குப் போய், அடிவயிற்றிலிருந்து ஒரு அதட்டல் போட்டார்.

"எலா மேசா, காய்தரே!"

உள்ளே வாடா, கழுதை!

அந்தக் குரலைக் கேட்டதும் ஆண்ட்ரியாஸின் கால்கள் தாமாகவே ஓடிவந்தன. எட்டு வயதுப் பையன் ஓட்டம். ஐந்தே தாவலில் சமையலறைக்குள் வந்து விழுந்தார். கதவைச் சாத்தினோம்.

காட்டெருமையும் திடுக்கிட்டிருக்க வேண்டும். அதன் ஆயுளில் அதை யாரும் கிரேக்கத்தில் திட்டியிருக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு பந்தலின் ஒரு மூலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடக் கொடியைத் தோரணம் மாதிரி இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்து போய்விட்டது.

உள்ளே எல்லோரும் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தோம். எலெனி அண்ணனின் தோளில் இரண்டு அடி போட்டார். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஆண்ட்ரியாஸ் கேட்டார். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, இங்கிலீஷில்.

"தெரிந்திருந்தால்... நான் அம்மாவை ஹோமில் சேர்த்திருப்பேனா?"

 எலெனிதான் சொன்னார்.

"சேர்த்திருப்பாய். நான் லண்டனிலிருந்து போன் பண்ணி, சீக்கிரம் சேர் என்று சொல்லியிருப்பேன்."

நேர்மையான பதில். அதைவிட ஆறுதலாக வேறு எதையும் அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. குற்றத்தில் பாதியைத் தங்கை எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆண்ட்ரியாஸ் கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். 'ஆ' பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மரகதத்திடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டார். மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன கேக்கறாரு?" என்றேன்.

"பட்டை போட்டது அம்மாவுக்குப் புடிச்சுதான்னு கேக்கறாருக்கா."

"புடிச்சுதா?"

"எங்கேங்க! வாயிலயே வெக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னு ஆறு மட்டும் பட்டை இல்லாமத் தனியா செஞ்சு, தட்டுல ஒரு ஓரமா வெச்சிருவேன். மகன் முன்னாடி அதத்தான் சாப்பிடுவாங்க."

இதை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எலெனி மேஜையைத் தட்டினார். "நான் சொன்னேனா, இல்லையா!"

ஆண்ட்ரியாஸ் வாய் நிறையக் குப்பேப்பியாவோடு சிரித்தார். சிரித்ததில் புரையேறியது. எலெனி தலையில் தட்டினார். இரண்டு பேரும் கிரேக்கத்தில் ஒரே நேரத்தில் கத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். இனி என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. நான் போய் டீ போட்டேன்.

என் கணவர் நோட்டை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். "ரெண்டு பக்கமும் சப்ளை சரியாத்தான் வந்திருக்கு. சோர்ஸ்தான் வேற." அந்த ஒன்றை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்று மணி வாக்கில் கிளம்பினார்கள். வாசலில் ஆண்ட்ரியாஸ் மரகதத்தின் முன்னால் வந்து நின்றார். குனிந்தார். எலுமிச்சையும் பட்டையும் மணக்கிற அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுத்து, கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். மரகதம் வெட்கத்தில் கையை உதறிக்கொண்டு, "ஐயோ, விடுங்க!" என்று தமிழிலேயே கத்தினார். அவருக்குத் தெரிந்த கிரேக்கத்தில் அதற்குப் பொருத்தமான வார்த்தை இல்லை போலிருக்கிறது.

அவர்கள் போன பிறகு மரகதம் பாத்திரம் கழுவப் போனார். நான் விடவில்லை. "போய் ஒக்காரு மரகதம், காலையிலிருந்து நின்னுட்டே இருக்க."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது வருசம் நான் ஆக்குன சோறுக்கா. ஞாயித்துக்கெழமை ஆனா, நான் சுவத்தோரமா நின்னுட்டிருப்பேன். அம்மாவப் பாத்து 'ருசி, ருசி'ன்னு சொல்லுவாரு. நானும் மனசுக்குள்ள சரி, சரின்னு கேட்டுக்குவேன். இன்னிக்குத்தான் என்னையப் பாத்துச் சொன்னாரு."

நான் மிச்சப் பாத்திரங்களைக் கழுவினேன்.

'அம்மா கைமணம்' என்கிறோம். நாக்கில் ஒட்டிக்கொண்டு சாகும் வரை கூடவே வரும் என்கிறோம். வரும்தான். ஆனால் அது யாருடைய கை என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? நாக்குக்கு ருசி மட்டும்தான் தெரியும். பெயர் எழுதி ஒட்டுவது நாம். நம்மில் எத்தனை பேர் தப்பான பெயரை ஒட்டிவைத்துக்கொண்டு உருகிக்கொண்டிருக்கிறோமோ... யார் கண்டது?

என் மகன் பெங்களூரில் இருக்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். வந்ததும் வராததுமாக ஒரு டம்ளர் ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "அம்மா, உன் ரசம் மாதிரி உலகத்துல எங்கயும் கெடைக்காதும்மா" என்று கண் கலங்குவான். அவன் அப்பா ரிட்டயர் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரசம் வைப்பது அவர்தான்.

அவன் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.